விதைக்கடைக்கு மட்டும் குறைந்த இணைப்புகள்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு கேள்வி மனதில் விழுந்துவிட்டால் பதில் கிடைக்கிற வரை சோறு இறங்காது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் பாதிப் பேச்சோடு இறங்கிப் போனால், மீதி என்னவாக இருக்கும் என்று வீடு வந்து சேரும் வரை யோசித்துக்கொண்டிருப்பேன். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு சர்வர் பார்க்கிற வேலைக்கு வந்தது நல்லதா கெட்டதா என்று இன்னும் தெரியவில்லை.

சங்கரன்கோவிலில் கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் கொடுக்கிற சின்ன நிறுவனம் எங்களுடையது. ஜவுளிக்கடை மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் முதலாளி. இன்னொன்றில் நானும் ஒரு யூனிக்ஸ் சர்வரும். சர்வருக்கு என்று வாங்கிய ஏசி எப்படி முதலாளியின் அறைக்குப் போனது என்பது மட்டும் நான் பதில் தேடாத கேள்வி.

ஊர்க் கடைகளில் உள்ள கம்ப்யூட்டர்கள் காலையில் விழித்ததும் எங்கள் சர்வரோடு ஓர் இணைப்பு போட்டுக்கொள்ளும். பில்லும் இருப்பும் அதன் வழியாகப் போய்வரும். நான் சேர்ந்த புதிதில் ஒரு தொல்லை இருந்தது. வாரத்துக்கு ஒரு காலை, தாமதமாகத் திறக்கிற கடைகளுக்கு மட்டும் இணைப்பு கிடைக்காது. போன் மேல் போன் வரும். முதலாளி அறையிலிருந்தே சத்தம் கொடுப்பார்.

"ரீஸ்டார்ட் பண்ணி விடும்மா. எல்லாம் சரியாப் போவும்."

பண்ணிவிட்டால் சரியாகத்தான் போகும். அடுத்த வாரம் திரும்ப வரும். அவருக்குச் சரியானால் போதும். எனக்கு ஏன் என்று தெரிய வேண்டும்.

ஒரு காலை ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், இப்போது யார் யாரோடெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறாய் என்று சர்வரைக் கேட்டேன். அதற்கு ஒரு கட்டளை உண்டு. அடித்தால் ஓர் இணைப்புக்கு ஒரு வரியாகக் காட்டும். எங்களிடம் இருப்பது நூற்றுச் சொச்சம் கடைகள். திரையிலோ வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒரு மளிகைக்கடைக்கு மட்டும் ஏழு இணைப்புகள். அந்தக் கடையில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதுவும் பாதி நேரம் கொத்தமல்லிக் கட்டுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஏழும் உயிரோடு இருப்பதாகவே சர்வர் சொன்னது. இப்படி எல்லாக் கடைக்கும் பழைய இணைப்புகள் சேர்ந்து, சர்வர் தாங்குகிற உச்சவரம்பு நிரம்பி, கடைசியில் வருகிறவருக்கு இடம் இல்லாமல் போயிருக்கிறது.

இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசி முடித்தால் ஒன்று 'முடிந்தது' என்று சொல்லும். மற்றதும் 'சரி, எனக்கும் முடிந்தது' என்று சொல்லும். அப்புறம்தான் அந்த வரி அழியும். ஒரு பக்கம் சொல்லாமல் போய்விட்டால் மறு பக்கம் காத்துக்கொண்டே இருக்கும். குருவிகுளம் தாண்டி டவர் இல்லாத இடத்தில் பஸ் போகும்போது, போனில் பேசியவர் போய்விட்டது தெரியாமல் நாம் 'ஊம்' போட்டுக்கொண்டிருப்போமே, அப்படி. ஆனால் நாம் கொஞ்ச நேரத்தில் வைத்துவிடுவோம். எங்கள் சர்வருக்கு வைக்கத் தெரியாது. யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

சரி, ஏன் இத்தனை கடைகளும் சொல்லாமல் போகின்றன? அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் கடைவீதியில் நின்றேன். கடை அடைக்கிற நேரம். ஒவ்வொரு கடையிலும் ஒரே சடங்கு. பொருள்களை உள்ளே எடுத்து வைப்பார்கள். சாமி படத்துக்கோ மாதா படத்துக்கோ ஒரு கும்பிடு. பிறகு முதலாளியே தன் கையால் மெயின் ஸ்விட்சை இறக்குவார். ஷட்டர் இறங்கும். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "மெயினை அணைச்சாச்சுல்லா?" என்று தான் அணைத்ததையே வேலையாளிடம் கேட்பார். துணியும் பஞ்சும் காகிதமும் அடைத்த ஊர். ராத்திரி மின்கசிவு என்றால் தெருவே போகும். அதனால் கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்துகிற பொறுமையெல்லாம் யாருக்கும் இல்லை. மெயினை இறக்கினால் எல்லாம் ஒரே அடியில் நின்றுவிடும். மின்சாரம் போன பிறகு கீச்கீச் என்று கத்துகிற பேட்டரிப் பெட்டியை எல்லாரும் என்றைக்கோ கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள்.

தினமும் ஒரு கடைக்கு ஒரு செத்த இணைப்பு. கணக்கு சரியாக வந்தது. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பெரிய துப்பறிந்தவளைப் போல மறுநாள் முதலாளியிடம் சொன்னேன்.

"மெயினை அணைக்காதீங்கன்னு எவன்ட்டச் சொல்ல? அடிக்க வருவான்," என்றார். "தினம் காலைல தானா ரீஸ்டார்ட் ஆவுற மாதிரிப் போட்டு விடு. சோலி முடிஞ்சுது."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்கு இன்னொரு கேள்வி விழுந்துவிட்டது. இந்தச் செத்த இணைப்புகளை யாரும் தொடாமல் விட்டால் என்ன ஆகும்? எத்தனை நாள் நிற்கும்? தானாகவே போகுமா? ஒரு மாதம் ரீஸ்டார்ட் வேண்டாம் என்று கேட்டு வாங்கினேன். யாருக்கும் இடம் இல்லாமல் போகாதபடி உச்சவரம்பைக் கூட்டி வைத்தேன். "ஒனக்கு வேற வேலை இல்ல," என்று சொல்லிவிட்டு ஏசிக்குள் போனார்.

காலையில் வந்ததும் கடைவாரியாக எண்ணிப் பார்ப்பது பழக்கமானது. எல்லாக் கடைக்கும் நாளுக்கு ஒன்று கூடியது. ஞாயிறு அடைக்கிற கடைக்கு ஞாயிறு கூடவில்லை. அவ்வளவு ஒழுங்கு. ஒரே ஒரு கடை மட்டும் இந்த ஒழுங்கில் நிற்கவில்லை. பஸ் நிலையம் பக்கம் இருக்கிற விதைக்கடை. பருத்தி விதை, மக்காச்சோள விதை, பூச்சிமருந்து விற்கிற கடை. அதற்கும் நாளுக்கு ஒன்று கூடிக்கொண்டுதான் வந்தது. ஆனால் நடுவில் ஒரு நாள் ஒன்று குறைந்திருந்தது. பிறகும் ஒன்று குறைந்தது. மூன்றாவது குறைந்தது மாதக் கடைசியில். செத்த இணைப்பு தானாகப் போகாது என்று நான் முடிவு கட்டியிருந்த நேரத்தில், இங்கே மட்டும் எப்படிப் போனது?

அந்தக் கடையில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. கடைக்கு இரண்டு இணைப்புகள். ஒன்று கடையில் இருக்கிற கம்ப்யூட்டர், தினமும் மெயினோடு சாகிறது. இன்னொன்று அதே கடையின் எண்ணில் வேறு எங்கிருந்தோ வருவது. அது சாகவே இல்லை. ராத்திரியும் பகலும் நிற்கும். ஒரு வார்த்தை பேசாது. அவ்வப்போது உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் கவர் மாதிரி ஒன்று வரும், நான் இருக்கிறேன் என்பதற்கு. எனக்கு முன்னால் இருந்த புரோகிராமர் போட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டார். முதலாளிக்கு அது என்னவென்று நினைவில்லை.

இதற்கு மேல் தாங்காது. மத்தியானச் சாப்பாட்டை ஒத்திவைத்துவிட்டு விதைக்கடைக்குப் போனேன்.

கடைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அண்ணாச்சி என்றால்தான் நிமிர்ந்து பார்ப்பார். குருவிகுளம் பக்கம் மழை பெய்திருந்ததால் கடையில் கூட்டம். ஒரு விவசாயியிடம் விதைப் பாக்கெட்டை நீட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"கடைக்கு நடுவுல லீவு விட்டீங்களா அண்ணாச்சி?"

"நான் எங்க லீவு விட? ஞாயித்துக்கெழம கூடத் தொறந்துதான் கெடக்கு."

"ஒங்க பேர்ல ரெண்டாவது ஒரு லைன் ஓடுதே, அது எங்க இருக்கு?"

அவர் கை நின்றது. வேலையாளிடம் கூட்டத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு என்னை உள்ளே மூட்டைகள் பக்கம் கூப்பிட்டார்.

"அதைத் தொட்டுறாதம்மா. அது வீட்டு லைனு."

வீடு கரிவலம்வந்தநல்லூரில். மனைவிக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. பேச்சு போய்விட்டது, வலது கையும் காலும் போய்விட்டன. போனை ஒரு கையால் எடுத்து அமுக்க வரவில்லை, எடுத்தாலும் பேச முடியாது. பிள்ளைகள் வெளியூரில். மத்தியானம் அண்ணாச்சியின் தங்கச்சி வந்து சோறு ஊட்டிவிட்டுப் போவாள், மற்ற நேரம் தனியாகத்தான். பழைய புரோகிராமர் தம்பி பாவப்பட்டு, கட்டிலில் இடது கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு காலிங்பெல் ஸ்விட்ச் வைத்துக் கொடுத்தார். அமுக்கினால் எங்கள் சர்வர் வழியாகக் கடைக் கம்ப்யூட்டரில் மணி அடிக்கும்.

"அடிச்சிருக்கா?"

"வச்ச அன்னிக்கு டெஸ்ட்டு பண்ணுனோம், நல்லா அடிச்சுது. பெறகு அவ அமுக்கவே இல்ல. யாவாரம் கெட்டுப்போவும்னு நெனைப்பா. பிடிவாதக்காரி." குரல் கொஞ்சம் ஏறியது. "போன வாரம் தங்கச்சி சோறு ஊட்டிட்டுப் போன பெறகு கட்டில்ல இருந்து விழுந்து தரையில கெடந்திருக்கா. நான் சாயங்காலம் போய்ப் பாக்கேன், அப்பிடியே கெடக்கா. ஸ்விட்ச்சு தரையில இருந்தும் எட்டும். ஏட்டி, அமுக்குனா வந்துருக்க மாட்டேனான்னு சத்தம் போட்டுட்டேன். அன்னையில இருந்து மொகத்தைத் திருப்பிக்கிட்டுக் கெடக்கா."

நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு மாடிக்குத் திரும்பினேன். படியில் ஏறும்போதே என்னவோ உறுத்தியது. விதைக்கடையில் மூன்றாவது இணைப்பு குறைந்ததும் போன வாரம்தான்.

உட்கார்ந்து ஒரு சோதனை செய்தேன். எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருக்கிற ஜவுளிக்கடையின் செத்த இணைப்பு ஒன்றை எடுத்து, அதன் வழியாக ஒரு சொல்லை அனுப்பச் சொன்னேன். சர்வர் அனுப்பியது. பதில் இல்லை. திரும்ப அனுப்பியது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் நேரம் நீண்டது. நான் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தேன். கால் மணி நேரத்துக்கு மேல் முயன்றுவிட்டு, எதிரே ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டு சர்வர் கைவிட்டது. திரையில் அந்த வரி அழிந்தது.

ஆக, செத்த இணைப்பு சும்மா கிடந்தால் கிடந்தபடி இருக்கும். யாராவது அதனிடம் பேச முயன்றால்தான் அது செத்தது தெரியவரும், வரி அழியும். விதைக்கடையின் செத்த இணைப்புகளிடம் யாரோ மூன்று தடவை பேச முயன்றிருக்கிறார்கள்.

யார் என்று தெரிந்தாலும் பழைய புரோகிராமை எடுத்து வரி வரியாகப் படித்தேன். மணி வந்தால், விதைக்கடைக் கம்ப்யூட்டரின் இணைப்புகளில் முதலில் கிடைப்பதற்கு அனுப்பு என்று எழுதியிருந்தார். முதலில் கிடைப்பது எப்போதும் மிகப் பழையது. கடை மெயின் ஒரு நாள் அணைக்கப்பட்டுவிட்டாலே மிகப் பழையது செத்ததுதான். சோதனை செய்த அன்று மட்டும் அது உயிரோடு இருந்திருக்கிறது, அதனால் மணி அடித்தது. அதற்குப் பிறகு அந்த அம்மா அமுக்கியதெல்லாம், ரீஸ்டார்ட் ஆன ஒரு சில நாள்கள் தவிர, அணைந்துபோன நேற்றைய கம்ப்யூட்டர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு மாதமாக நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். அந்த அம்மா தரையில் கிடந்து அமுக்கியிருக்கிறார். கேட்டும் வரவில்லை என்று நினைத்திருக்கிறார். சாயங்காலம் வந்தவர், ஏன் அமுக்கவில்லை என்று சத்தம் வேறு போட்டிருக்கிறார். பதில் சொல்ல வாய் இல்லை.

முதலில் வேலையை முடித்தேன். எல்லாக் கடைகளின் செத்த இணைப்புகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, பதில் தராதவற்றை வெட்டிவிட்டேன். இனிமேல் பேசாமல் கிடக்கிற ஒவ்வோர் இணைப்பிடமும் சில நிமிடத்துக்கு ஒரு முறை 'இருக்கிறாயா' என்று கேட்கவும், பதில் இல்லாவிட்டால் அழித்துவிடவும் சர்வருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஓர் அமைப்பை மாற்றுகிற வேலைதான், இத்தனை நாள் எவருக்கும் தோன்றவில்லை. மணியைக் கடையின் எல்லா இணைப்புகளுக்கும் சேர்த்து அனுப்பும்படி மாற்றினேன். தினசரி ரீஸ்டார்ட் போட்டிருந்தால் இதெல்லாம் இல்லாமலே மணி அடித்திருக்கும். முதலாளி சொன்னது ஒரு வகையில் சரிதான். ஆனால் முன்பு ஏன் அடிக்கவில்லை என்பது யாருக்கும் தெரிந்திருக்காது. கரிவலம்வந்தநல்லூரில் ஒருவர் முகத்தைத் திருப்பியபடியே இருந்திருப்பார்.

மறுநாள் காலை கடையில் கூட்டம் சேர்வதற்கு முன்னால் அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

"மதினி அமுக்கியிருக்காங்க அண்ணாச்சி. எங்க சர்வர்தான் ஒங்களுக்குக் கொண்டுவந்து சேக்கல."

"எத்தன தடவ?"

"இந்த ஒரு மாசத்துல மூணு. அதுக்கு முன்னால தெரியல."

"போன வாரமுமா?"

"போன வாரமும்தான்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசையில் ஒட்டியிருந்த மருந்துக் கம்பெனி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"இப்பம் சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன். ஒரு தடவ அங்கன இருந்து அமுக்கிப் பாக்கணும். நீங்க வீட்டுக்குப் போய்…"

"நீ போம்மா," என்றார். "நான் இங்கன இருந்து கேக்கேன். நான் சொன்னா அவ நம்ப மாட்டா. எந்த மொகத்தை வச்சுக்கிட்டு நான் சொல்ல?"

ஸ்கூட்டரில் போனேன். அண்ணாச்சி போனில் சொல்லி முன்கூட்டியே வரச் சொல்லியிருந்த தங்கச்சி கதவைத் திறந்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். முன்னறையிலேயே கட்டில். மதினி ஒருக்களித்துச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். என்னைப் பார்க்கத் திரும்பிய கண்களில் அவ்வளவு கூர்மை. யார் நீ, எதற்கு வந்தாய் என்று கண்ணாலேயே கேட்டார். கட்டில் காலில் ஒரு பலகைத் துண்டைக் கட்டி அதில் ஸ்விட்சை வைத்திருந்தார்கள். வெள்ளை ஸ்விட்ச், நடுவில் மட்டும் லேசாக மஞ்சள் ஏறியிருந்தது. மதினி அமுக்கவே இல்லை என்று அண்ணாச்சி சொன்ன ஸ்விட்ச்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்துக் கட்டிலில் வைத்தேன்.

"மதினி, நான் கடைக்கு பில் சாஃப்ட்வேர் பாக்குற பொண்ணு. மணி சரியா இருக்கான்னு பாக்க வந்தேன். ஒரு தடவ அமுக்குங்களேன்."

அவர் இடது கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். முகம் சுவருக்குத் திரும்பியது.

நான் அமுக்கியிருக்கலாம். என் வேலைக்கு அது போதும். ஆனால் கை போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"நீங்க அமுக்குனது ஒண்ணு கூட அண்ணாச்சிக்குக் கேக்கல மதினி. விழுந்து கெடந்து அமுக்குனீங்களே, அதுவும் கேக்கல. மணி கடை வரைக்கும் போகவே இல்ல. நடுவுல எங்க மெஷின்ல நின்னு போச்சு. அண்ணாச்சி கேட்டுட்டு வராம இருக்கல. அவங்களுக்குத் தெரியவே தெரியாது. நேத்துதான் நான் கண்டுபிடிச்சேன்."

போனில், கடை வாசலில் யாரோ பஸ் விசாரிப்பது கேட்டது. மெதுவாக மதினியின் தலை திரும்பியது. என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்கிறார் என்று தெரிந்ததால் நானும் கண்ணை எடுக்கவில்லை. பிறகு போர்வைக்குள்ளிருந்து இடது கை வந்தது. ஸ்விட்சின் மேல் கட்டைவிரல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அமுக்கினார்.

கடையில் மணி அடிப்பது போன் வழியாகக் கேட்டது.

"கேக்கு," என்றார் அண்ணாச்சி. "கேக்கு ஏட்டி. நல்லா அடிக்கு."

மதினி திரும்ப அமுக்கினார்.

"ஆங், கேக்கு கேக்கு."

திரும்ப அமுக்கினார். என் சோதனை முடிந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. போனுக்குள் மணி நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. யாரோ "என்ன அண்ணாச்சி இது?" என்று கேட்டார்கள். "கேக்குது ஏட்டி, போதும், கேட்டுட்டேன்" என்ற குரல் உடைந்திருந்தது. மதினி நிறுத்தவில்லை. கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்து தலையணையில் விழுந்துகொண்டிருக்க, வாய் கோணியபடி அமுக்கிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியின் குரல் இல்லை. வேலையாள்தான் யாருக்கோ, "மொதலாளி வண்டிய எடுத்துக்கிட்டு ஓடிட்டாரு" என்று சொன்னான். அண்ணாச்சி கடையில் விட்டுப்போன போனின் வழியாக மணி மட்டும் வந்தது.

கடையிலிருந்து வண்டி வந்து சேர எவ்வளவு நேரம் எடுத்ததோ அவ்வளவு நேரமும் மதினி அந்த ஸ்விட்சை அமுக்கினார். வாசலில் வண்டி நின்றது. அண்ணாச்சி செருப்போடு உள்ளே வந்து, கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் மணி நின்றது.